ஆலையைக் காப்பதா, ஆளைக் காப்பதா? கனடாவின் வனத்தொழில் உதவித் திட்டங்கள்: ஒரு மதிப்பீடு

2008 ஜனவரி 10 அன்று, கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்திலுள்ள மாங்க்டன் நகரில், அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 100 கோடி டாலர் உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தார். (இக்கட்டுரையில் டாலர் என்றால், வேறு குறிப்பு இல்லாதவரை, கனடிய டாலர்.) மர அறுவை ஆலைகளும் காகித ஆலைகளும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஆலையை நம்பிப் பிழைத்த ஊர்களுக்கும் வேலையிழந்த தொழிலாளர்களுக்கும் அந்தப் பணம் மாகாண அரசுகள் வழியாகப் போய்ச் சேரும் என்றார்.

அந்தப் பணத்தைப் பங்கிட்ட முறையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் 1 கோடி டாலர், வடக்கே உள்ள மூன்று ஆட்சிப் பகுதிகளுக்குத் தலா 30 லட்சம் டாலர்; மீதி முழுவதும் மக்கள்தொகை விகிதப்படி. எந்த மாகாணத்தில் எத்தனை ஆலைகள் மூடின, எத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்குக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. விளைவு, எண்ணெய் வருமானத்தில் திளைத்து, வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய ஆல்பர்ட்டாவுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. திட்டம் அறிவிக்கப்பட்ட நியூ பிரன்சுவிக்குக்குக் கிடைத்தது சுமார் 3 கோடி. போதாக்குறைக்கு, வரவிருந்த வரவுசெலவுத் திட்டம் நிறைவேறினால்தான் பணம் என்று முதலில் நிபந்தனை வைத்தார்கள். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்த பிறகு, பிப்ரவரியில் தனிச் சட்டமாக அதை நிறைவேற்றினார்கள்.

நலிந்த தொழில்களுக்கு அரசு உதவலாமா கூடாதா என்பது பொருளியலில் பழைய வழக்கு. கனடாவின் கடந்த இருபது ஆண்டு அனுபவம் அதைவிடப் பயனுள்ள வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தொழில் நலிந்த காரணத்தைப் பார்த்து உதவியின் வடிவம் தீர்மானமானதா, அல்லது அரசியலுக்கும் ஒப்பந்தங்களுக்கும் எது தோதோ அந்த வடிவத்தில் பணம் போனதா? பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே நேரத்தில் மூன்று அடிகள்

கனடாவின் தொழில்துறை அப்போது வாங்கிய அடிகள் ஒரே வகையானவை அல்ல.

முதலாவது, நாணய மதிப்பு. 2002 ஜனவரியில் கனடிய டாலர் 62 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. எண்ணெயும் கனிமங்களும் விலையேற, 2007 செப்டம்பரில் அது அமெரிக்க டாலருக்குச் சமமாகி, நவம்பரில் 1.10 அமெரிக்க டாலர் வரை போனது. விற்பனை அமெரிக்க டாலரிலும் கூலியும் செலவும் கனடிய டாலரிலுமாக இருந்த ஆலைக்கு இதன் பொருள் எளியது: வாடிக்கையாளர் அதே விலையைத் தந்தாலும் கைக்கு வரும் வருமானம் ஆறே ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துபோனது. 2004-இல் உற்பத்தித் துறையில் சுமார் 23 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2009-இல் அந்த எண்ணிக்கை 18 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இயற்கை வள ஏற்றுமதி ஒரு நாட்டின் நாணயத்தை உயர்த்தி அதன் தொழிற்சாலைகளை நசுக்குவதைப் பொருளியலாளர்கள் 'டச்சு நோய்' என்பார்கள். கனடாவுக்கு அது வந்ததா என்பது அங்கே பெரிய அரசியல் சண்டையாகவே மாறியது.

இரண்டாவது, அமெரிக்க வீட்டுச் சந்தையின் சரிவு. அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் கட்டப்படுகின்றன. 2005-இல் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. 2009-இல் தொடங்கியவை ஐந்தரை லட்சம்தான். ஊசியிலை மரப் பலகைகளின் விலை பாதாளத்துக்குப் போனது.

மூன்றாவது வகை அடி எளிதில் மீளாதது. இணையம் வளர வளர வட அமெரிக்காவில் செய்தித்தாள் காகிதத்தின் தேவை ஆண்டுதோறும் சுருங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு காடுகளைக் கொன்றது. கடுங்குளிர் வந்தால் செத்துவிடக்கூடிய இந்த வண்டு, குளிர்காலம் மிதமாகிப் போனதாலும், காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்து அணைத்து வயதான பைன் மரங்கள் குவிந்திருந்ததாலும் கட்டுக்கடங்காமல் பெருகியது. பாதிக்கப்பட்ட பரப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். செத்த மரம் உளுத்துப்போவதற்குள் வெட்டியாக வேண்டும் என்று மாகாண அரசு வெட்டு அளவை உயர்த்தியது. அதனால் சில ஆண்டுகள் ஆலைகளுக்கு மரம் தாராளமாகக் கிடைத்தது. அதன் பிறகு பஞ்சம் வரும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

வீட்டுச் சந்தை மீளும். நாணய மதிப்பும் இறங்கலாம். செத்த காடு மீள ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். செய்தித்தாள் காகிதச் சந்தை மீளவே மீளாது. நிலைமைக்கு நிலைமை மருந்து மாற வேண்டியது அவசியம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவை ஆலையில் பலகை போக மிஞ்சும் மரச்சில்லுகள்தான் காகிதக்கூழ் ஆலையின் மூலப்பொருள். அறுவை ஆலை நின்றால் கூழ் ஆலையும் சில மாதங்களில் தள்ளாடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, 1960-களில் வனத்தொழிலுக்கென்றே உருவாக்கப்பட்ட மெக்கென்சி என்ற சிற்றூரில் சுமார் 4,500 பேர் வாழ்ந்தார்கள். 2008-இல் அங்கிருந்த முக்கிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூழ் ஆலை 2010-இல் புதிய முதலாளியின் கையில் மீண்டும் ஓடி, 2021-இல் நிரந்தரமாக மூடியது.

உதவினாலும் குற்றம்

உதவ நினைத்த அரசின் கைகளை ஒரு வணிக ஒப்பந்தம் கட்டியிருந்தது. கனடாவின் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு பொதுச் சொத்து. அவற்றில் பெரும்பகுதி மாகாணங்களின் உடைமை. நிறுவனங்கள் மரம் வெட்ட மாகாண அரசுக்கு வெட்டுக் கட்டணம் கட்டும். அந்தக் கட்டணம் சந்தை விலையைவிடக் குறைவு, ஆகவே அது மறைமுக மானியம் என்பது அமெரிக்க மர உற்பத்தியாளர்களின் குற்றச்சாட்டு. 1982 முதல் ஐந்து சுற்றுகளாக இந்த வழக்கு நடக்கிறது.

நான்காவது சுற்றை முடித்துவைத்தது 2006-ஆம் ஆண்டின் ஊசியிலை மர ஒப்பந்தம். அமெரிக்கா தான் வசூலித்த 500 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட தீர்வையில் சுமார் 400 கோடியைத் திருப்பித் தந்தது. பதிலுக்கு, விலை குறையும்போதெல்லாம் கனடா தன் ஏற்றுமதி மீது தானே வரி போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தேர்ந்தெடுத்த முறையில் அந்த வரி 15 விழுக்காடு வரை ஏறும். சந்தை படுத்திருக்கும் நேரத்தில்தான் வரி உச்சத்தில் நிற்கும் என்பது இதன் விநோதம்.

இந்த வரியின் பளுவை ஈடுகட்டும் வகையில் கனடிய அரசுகள் எந்தச் சலுகையும் தரக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒன்டாரியோவும் கியூபெக்கும் கடன் உத்தரவாதம் முதலிய வழிகளில் தங்கள் ஆலைகளுக்கு உதவின. அமெரிக்கா லண்டன் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கியூபெக் மரத்துக்குக் கூடுதலாக 2.6 விழுக்காடும் ஒன்டாரியோ மரத்துக்கு 0.1 விழுக்காடும் ஏற்றுமதி வரி விதிக்க வேண்டியதாயிற்று. நலிந்த ஆலைக்கு மாகாணம் தந்த பணம், அந்த மாகாணத்தின் எல்லா ஆலைகள் மீதும் அபராதமாகத் திரும்பி வந்தது.

2008-ஆம் ஆண்டு நிதி ஏன் ஆலைகளுக்கு நேரடியாகப் போகாமல் ஊர்களின் பெயரில் போனது என்பதற்கு இது ஒரு முக்கிய விளக்கம். ஊருக்கும் தொழிலாளிக்கும் தரும் பணத்தை மானியம் என்று வழக்காடுவது கடினம். அந்த வகையில் திட்டத்தின் வடிவம் சரியே, பங்கீடுதான் பிழை.

கருஞ்சாற்றுப் பணம்

மரத்தை வேதிமுறையில் கூழாக்கும்போது 'பிளாக் லிக்கர்' எனப்படும் கருஞ்சாறு மிஞ்சும். அதை எரித்துத்தான் பல ஆலைகள் காலங்காலமாகத் தங்கள் நீராவியையும் மின்சாரத்தையும் பெற்றுவந்தன. பெட்ரோலியத்தோடு உயிர்ம எரிபொருளைக் கலந்தால் கேலனுக்கு 50 சென்ட் வரிச்சலுகை என்று அமெரிக்கா ஒரு சட்டம் வைத்திருந்தது. நோக்கம், டீசல் பயன்பாட்டைக் குறைப்பது. அமெரிக்கக் காகித ஆலைகளோ, டீசலே தேவைப்படாத தங்கள் கருஞ்சாற்றில் கொஞ்சம் டீசலை ஊற்றிவிட்டு, கலவை எரிபொருள் என்று சொல்லி 2009-இல் கோடி கோடியாகச் சலுகை வாங்கின.

எல்லைக்கு இப்பால் இருந்த கனடிய ஆலைகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2009 ஜூனில் கனடிய மத்திய அரசு 100 கோடி டாலர் பசுமை மாற்றத் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஆலைகள் உற்பத்தி செய்த கருஞ்சாற்றுக்கு லிட்டருக்கு 16 சென்ட் கணக்கில், 100 கோடி தீரும் வரை ஒதுக்கீடு. ஆனால் அந்தப் பணத்தை ஆலை தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. ஆற்றல் சேமிப்பு, மின் உற்பத்தி, மாசுக் குறைப்பு என்று சுற்றுச்சூழலுக்குப் பயன் தரும் மூலதனப் பணிகளில் மட்டுமே போட வேண்டும். 24 நிறுவனங்களின் 38 ஆலைகள் இதைப் பயன்படுத்திக்கொண்டன.

அமெரிக்கச் சலுகையைவிட இது பலமடங்கு புத்திசாலித்தனமான திட்டம். பணம் செலவான பிறகு புதிய கொதிகலனும் மின்னாக்கியும் எஞ்சின. ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. செய்தித்தாள் காகித ஆலைகள் பெரும்பாலும் இயந்திர முறையில் கூழ் அரைப்பவை. அவற்றில் கருஞ்சாறே உண்டாவதில்லை. ஏற்கெனவே நின்றுபோன ஆலைகளிலும் கருஞ்சாறு இல்லை. ஓடிக்கொண்டிருந்த பெரிய வேதிக்கூழ் ஆலைகளுக்கே பணத்தின் பெரும்பங்கு போனது. அமெரிக்காவின் சூத்திரத்தையே அளவுகோலாக வைத்ததால் வந்த விளைவு இது.

காருக்கு ஒரு நீதி, காட்டுக்கு ஒரு நீதி?

அதே 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் விளிம்பில் நின்றன. கனடிய மத்திய அரசும் ஒன்டாரியோ அரசும் சேர்ந்து 1,370 கோடி டாலர் கொடுத்தன. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வனத்தொழிலின் புத்தாக்கத்துக்கும் சந்தை விரிவாக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டது இரண்டு ஆண்டுகளுக்கு 17 கோடி டாலர். ஊர்களின் தகவமைப்புக்கு இன்னொரு 100 கோடி டாலர் நிதி தனியாக இருந்தது. ஆனால் அதை எல்லாத் தொழில்களும் பங்குபோட வேண்டும். ஒன்டாரியோவின் காருக்கு அள்ளித் தருகிறீர்கள், எங்கள் காட்டுக்குக் கிள்ளித் தருகிறீர்கள் என்று கியூபெக்கில் குரல் எழுந்ததில் வியப்பில்லை.

இந்த ஒப்பீட்டில் பாதிதான் நியாயம். ஒரு பெரிய கார் ஆலை விழுந்தால் அதற்கு உதிரிபாகம் தரும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் சில வாரங்களில் சாயும். ஒரே அடியில் விழும் தொழிலை ஒரே பொழுதில் தாங்க வேண்டிய நெருக்கடி அது. அமெரிக்க அரசும் இந்த மீட்பில் சேர்ந்திருந்ததால், கனடா பணம் போடாவிட்டால் உற்பத்தி தெற்கே போய்விடும் என்ற அச்சமும் உண்மையானது. வனத்தொழிலோ நூற்றுக்கணக்கான சிற்றூர்களில், ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு ஆலையாக உதிர்ந்தது. தலைப்புச் செய்தியாகாத வீழ்ச்சிக்கு அவசர நிதி கிடைப்பதில்லை.

கார்த்துறை மீட்பும் இலவசமாக நடந்துவிடவில்லை. மத்திய அரசு தன் கடைசி ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளை 2015 ஏப்ரலில் விற்றது. போட்ட பணத்தில் சுமார் 350 கோடி டாலர் திரும்பவில்லை. இந்த உதவி பற்றிய முழுமையான கணக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை என்று தலைமைத் தணிக்கையாளரின் 2014 அறிக்கை குறை கூறியது. பங்குகள் கைமாறி மூன்றே ஆண்டுகளில், 2018 நவம்பரில், ஒன்டாரியோவிலுள்ள தன் ஒஷாவா ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2019 டிசம்பரில் வண்டி உற்பத்தி நின்றது. 2021-இல் மீண்டும் தொடங்கியது. அரசு பங்குதாரராக இருந்தவரை இருந்த பிடி, பங்கு விற்றதும் போய்விட்டது.

கோபத்தில் எழுதிய சட்டம்

உதவிக்கு நேர் எதிரான வழியையும் ஒரு மாகாணம் முயன்றது. நியூஃபவுண்ட்லாந்தின் கிராண்ட் ஃபால்ஸ் நகரில் 1909 முதல் ஓடிய காகித ஆலையை மூடப்போவதாக அபிட்டிபிபோவாட்டர் நிறுவனம் 2008 டிசம்பரில் அறிவித்தது. ஆலையை மூடுபவருக்கு மரமும் நீரும் எதற்கு என்று கேட்ட மாகாண அரசு, அதே மாதம் சட்டம் போட்டு, நிறுவனத்தின் வெட்டுரிமை, நீருரிமை, நீர்மின் நிலையங்கள் ஆகியவற்றைக் கையகப்படுத்தியது. மக்களிடம் அதற்குப் பெரும் வரவேற்பு.

பிறகு வந்தன விளைவுகள். அமெரிக்காவில் பதிவான அந்த நிறுவனம் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் இழப்பீடு கோரியது. 2010-இல் மத்திய அரசு 13 கோடி டாலர் தந்து வழக்கை முடித்தது. அவசரத்தில் எழுதிய சட்டத்தின் வரைபடத்தில் ஆலையும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டதால், நூறாண்டுக் கழிவோடு அந்தப் பழைய ஆலை மாகாணத்தின் தலையில் விழுந்தது. துப்புரவுச் செலவை நிறுவனத்திடம் வாங்க நடத்திய வழக்கும் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தொழிலாளிக்கு நீதி கேட்ட சட்டத்தின் செலவு கடைசியில் வரி கட்டும் மக்கள் மீது விழுந்தது.

பலன் தந்தவை

சத்தமில்லாமல் பயன் தந்த ஏற்பாடு வேலைப் பகிர்வுத் திட்டம். வேலை குறைந்த ஆலை சிலரை நீக்குவதற்குப் பதிலாக எல்லோருடைய வேலை நாட்களையும் குறைக்கும்; விடுபட்ட நாட்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து தொழிலாளிக்குப் பணம் வரும். 2009-இல் இதன் உச்ச கால அளவை 52 வாரங்களாக நீட்டினார்கள். அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதன் கீழ் இருந்தார்கள். மீளக்கூடிய சரிவுக்கு இது பொருத்தமான உதவி. பழகிய கைகள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததால், தேவை திரும்பியதும் ஆலை உடனே ஓடியது.

இன்னொன்று, சந்தை தேடல். மத்திய அரசும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் தொழிலும் சேர்ந்து சீனாவில் மரக் கட்டுமானத்தை அறிமுகப்படுத்தப் பல ஆண்டுகள் உழைத்தன. 2011-இல் அம்மாகாணத்திலிருந்து சீனாவுக்குப் போன பலகையின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. உள்நாட்டிலும், ஆறு மாடி வரை மரத்தில் கட்ட 2009-இல் அம்மாகாணக் கட்டட விதி அனுமதித்தது. 2017-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்தில் 18 மாடி மர விடுதியே எழுந்தது. பெரும் பணம் கேட்காமல், புதிய தேவையை உண்டாக்கிய நடவடிக்கைகள் இவை.

இவற்றுக்கு மாறாக, வரிச்சலுகைகள் நலிந்தவருக்கு எட்டவில்லை. இயந்திரங்களின் விலையை இரண்டே ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றது 2007 வரவுசெலவுத் திட்டம். நிறுவன வரி 2012-க்குள் 15 விழுக்காடாக இறங்கியது. லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இவை நல்ல சேதி. நட்டத்தில் ஓடும் ஆலைக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது வரிக்குறைப்பால் என்ன பயன்?

ஐம்பது வயதைக் கடந்த ஆலைத் தொழிலாளிக்கு அரசு தந்த பதிலும் இப்படித்தான். 1987 முதல் 1997 வரை இருந்த ஒரு திட்டம், வேலையிழந்த மூத்த தொழிலாளர்களுக்கு ஓய்வு வயது வரை வருமானம் தந்தது. 2006-இல் அதனிடத்தில் வந்த புதிய திட்டம் 55 முதல் 64 வயதுக்காரர்களுக்குப் பயிற்சி தருவதாகச் சொன்னது. ஊரில் இருந்த ஒரே ஆலை மூடிய பிறகு பயிற்சிச் சான்றிதழை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்ற கேள்வி மிஞ்சியது. 2019-இல் பிரிட்டிஷ் கொலம்பியா வனத்தொழிலாளர்களுக்கு ஒதுக்கிய 6.9 கோடி டாலரில் 4 கோடியை முன்கூட்டிய ஓய்வுக்கு வைத்தது, அந்தப் பழைய பாடத்தைக் காலம் கடந்தாவது நினைவுபடுத்திக்கொண்டதன் அடையாளம்.

மறுபடியும் அதே இடம்

2006 ஒப்பந்தம் 2015-இல் காலாவதியானது. 2017-இல் அமெரிக்கத் தீர்வைகள் திரும்பின, கனடா 86.7 கோடி டாலர் உதவி அறிவித்தது. 2025 கோடையில் மானியத்துக்கு எதிரான எதிரீட்டுத் தீர்வையும் மலிவு விற்பனைக்கு எதிரான பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வையும் சேர்ந்து 35 விழுக்காடாயின. அக்டோபரில் அதிபர் டிரம்ப்பின் நிர்வாகம் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இன்னொரு 10 விழுக்காட்டை மேலே ஏற்றியது. பிரதமர் மார்க் கார்னி ஆகஸ்டில் அறிவித்த உதவியில் 70 கோடி டாலர் கடன் உத்தரவாதம். 50 கோடி டாலர் புதிய பொருள்களுக்கும் புதிய சந்தைகளுக்கும். 5 கோடி டாலர் 6,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பயிற்சிக்கு. அரசு கட்டும் வீடுகளில் கனடிய மரத்துக்கு முன்னுரிமை என்றும் சொல்லப்பட்டது.

உள்நாட்டு வீட்டுத் தேவையோடு மரத்தை இணைத்தது நல்ல யோசனை. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி கடன். தீர்வை நீடித்தால் அந்தக் கடன் எந்த வருமானத்திலிருந்து அடையும்? பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிக்கல் தீர்வை மட்டுமல்ல. வண்டும் காட்டுத்தீயும் பழங்காடுகளின் பாதுகாப்பும் சேர்ந்து, 2005-இல் 8 கோடி கனமீட்டருக்கு மேல் இருந்த அங்கத்திய மர வெட்டு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மரமே கிடைக்காத ஆலைக்குக் கடன் தருவது மூடுவிழாவைத் தள்ளிப்போடுவதுதான்.

இந்த இருபது ஆண்டுக் கணக்கிலிருந்து ஒரு நெறியை வகுக்கலாம். சரிவு தற்காலிகமானால் தொழிலாளியை ஆலையிலேயே நிறுத்திவைக்க உதவ வேண்டும். வேலைப் பகிர்வும் குறுகிய காலக் கடனும் அதற்குப் போதும். சரிவு நிரந்தரமானால் ஆலையைக் காக்கும் செலவை நிறுத்தி, மூத்தவர்களுக்கு ஓய்வூதியப் பாலம், இளையவர்களுக்கு இடம்பெயரும் செலவு, ஊருக்கு மாற்றுத் தொழில் என்று மூடுவிழாவுக்கு முன்பே தொடங்க வேண்டும். நிறுவனத்துக்குப் பொதுப்பணம் தந்தால், கருஞ்சாற்றுத் திட்டத்தைப் போல அந்தப் பணம் எதில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்த வேண்டும். கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பங்கீடு, அடி விழுந்த இடத்தை அளந்து நடக்க வேண்டும். தலைகளை எண்ணி அல்ல.

நலிந்த தொழிலுக்கு நிதி அறிவிக்கும் எந்த அரசிடமும் குடிமக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை கோடி என்பதாக இருக்கக் கூடாது. இந்தச் சரிவு மீளுமா, மீளாதா என்று அரசு முடிவுசெய்துவிட்டதா என்று கேட்க வேண்டும். அதற்கு நேர்மையான பதில் இல்லாத நிதி, அடுத்த தேர்தல் வரைக்கும்தான் தாங்கும்.